ஐந்தாம் மாடியில் தட்டுகிறார்கள்

பெகிம் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் கெஞ்சின. பிராங்க்ஸில் இந்தக் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ள வந்து பதினேழு குளிர்காலம் ஆயிற்று. லிஃப்ட் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

"நீங்க வர்றதுக்குள்ள எம் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்," என்றாள் யாஹைரா. போன வாரம்தான் குடிவந்தவள். இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கு மூன்று சட்டை, ஒரு குல்லா. "ரூமச் சூடாக்குற ரேடியேட்டர் ஐஸ்கட்டியா கெடக்கு. குழாய் மட்டும் டொக் டொக்குன்னு உசிர வாங்குது."

"நீராவிக் குழாய்ல தண்ணி தேங்கினா அப்படித்தாம்மா இடிக்கும்."

போன ஜனவரியிலும் இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குளிரெடுத்தால் கரண்டியால் குழாயைத் தட்டி அவனைக் கூப்பிடுவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். இதே வீட்டில் தனியாக இருந்த எலிசியோ கிழவர் அன்று பகல் முழுக்கத் தட்டினார். தேங்கிய தண்ணீர்தான் என்று, கீழே கொதிகலன் அறையில் பெகிம் புரண்டு படுத்தான். மறுநாள் கதவை உடைத்தபோது, கிழவர் ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தார்.

இன்னொரு சாவைச் சுமக்க அவனுக்குத் தெம்பில்லை.

கொதிகலனை அணைத்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தான். ரேடியேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு காற்றுப்போக்கி. துரு அதை அடைத்திருந்தது. உள்ளிருக்கும் காற்று வெளியேறினால்தானே நீராவி நுழையும்? திருகிக் கழற்றினான்.

துளையிலிருந்து மூச்சு வந்தது. சில்லென்று, விட்டு விட்டு.

டொக்.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிடுச்சு," என்று கிசுகிசுத்தாள் யாஹைரா.

நீராவியே இல்லாத குழாய் எப்படி இடிக்கும்?

பெகிம் புதிய காற்றுப்போக்கியைத் திருகிப் பொருத்தினான். கீழே போய்க் கொதிகலனை மூட்டினான். அரைமணியில் மாடிப்படி வழியே அவள் குரல் வந்தது: "சூடாயிடுச்சு! நல்லா இருப்பீங்க!"

அப்பாடா என்று கட்டிலில் சாய்ந்தான்.

டொக். டொக். டொக்.

இந்த முறை அவன் புரண்டு படுக்கவில்லை. ஐந்து மாடியும் ஏறினான். வீடு கதகதப்பாக இருந்தது; குழந்தை குல்லா இல்லாமல் தூங்கியது.

"நான் தட்டலியே," என்றாள் அவள்.

பெகிம் மண்டியிட்டுக் குழாயருகே குனிந்தான். "வந்துட்டேன் பெரியவரே. அன்னிக்கே வந்திருக்கணும். மன்னிச்சிடுங்க."

சத்தம் நின்றது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி இறங்கினான். நான்கு, மூன்று, இரண்டு.

கடைசிப் படியில் கால் வைத்தான்.

டொக்.

ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு, வலிக்கும் காலைத் தூக்கி மறுபடி ஏறத் தொடங்கினான்.