மேற்கு அறையின் வெப்பச்சுமை

காலை பத்து மணிச் சங்கு ஊதியதும் வேலூரில் வழக்கம்போலத் தெருக்களைப் பூட்டினார்கள். இனி மாலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். வெளியே ஐம்பத்து நான்கு டிகிரி. சுவர்ப் பூச்சின் தயவில் வீட்டுக்குள் முப்பத்தெட்டு.

தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் அதைவிடக் கொதித்தது. மகள் செண்பகம் பிரசவத்துக்கு வர ஒரு வாரமே இருந்தது. அவள் தங்கப்போகும் மேற்கு அறைக்கு இன்னும் குளிர் ஒதுக்கீடு கிடைக்கவில்லை. நகராட்சியின் குளிரளவர் எந்திரன் வருவது இது மூன்றாம் முறை. அறையின் பரப்பு, வெயில் விழும் சுவர், சன்னல், ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டி வெப்பச்சுமையைக் கணக்கிடும். அந்த அளவுக்கு மட்டும் நகரக் குழாயிலிருந்து குளிரைத் திறந்துவிடும். முன்பு வந்த இரண்டு முறையும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னதால் திரும்பிப் போய்விட்டது.

"அறையில் எத்தனை பேர் இருப்பீர்கள்? ஓர் உடல் சுமார் நூறு வாட் வெப்பம் தருகிறது" என்றது எந்திரன்.

"பொண்ணும் குழந்தையும். ரெண்டே பேரு" என்றார் தணிகாசலம்.

"ஏங்க, குழந்தைய பாக்க வர்றவங்க?" மனைவி கோமதி விரல் விட்டு எண்ணினாள். "ஆம்பூர் பெரியம்மா, சம்பந்தி வீட்ல எட்டு பேரு..."

"அவங்கல்லாம் ஹால்ல உக்காரட்டும்டி!"

"முப்பத்தெட்டுலயா? அப்புறம் நம்ம பொண்ணு அங்க போய் வாழ வேணாமா? பதினாலு பேருன்னு போடுப்பா."

"பதினாலா? கல்யாண மண்டபமா கட்டி வெச்சிருக்கேன்?"

எந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "இப்போது நீங்கள் ஒவ்வொருவரும் நூற்று அறுபது வாட். இந்தப் பேச்சு தினமும் நடக்குமா? சுமையில் சேர்க்க வேண்டும்."

"முப்பது வருஷமா நடக்குது. அதையும் சேத்துக்க" என்று தணிகாசலம் சோர்ந்து உட்கார்ந்தார். பதினான்கு பேருக்கும் தினச் சண்டைக்கும் சேர்த்துக் குளிர் ஒதுக்கப்பட்டது. மகள் வேர்க்காமல் தூங்குவாள், அது போதும் என்று நினைத்துக்கொண்டார்.

பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சரிபார்க்க எந்திரன் வந்தது. தணிகாசலம் பெருமையோடு மேற்கு அறைக் கதவைத் திறந்தார். ஊட்டிபோல் முகத்தில் அடித்தது காற்று. காலைச் சங்குக்கு முன் வந்துவிட்டவர்கள் ஆறு மணிவரை போக வழியில்லாமல் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லோரும் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள்.

"சம்பந்தி, இன்னொரு கம்பளி இருக்குமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மகளைக் காணவில்லை. தேடிப் போனால், அடுப்படியை ஒட்டிய சாமான் அறையில், காதில் பஞ்சும் தலையில் துண்டுமாகக் குழந்தையை வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"பச்ச உடம்புக்குக் குளுரு ஆகாதாம்பா. ஆம்பூர் பெரியம்மா இங்க மாத்திட்டாங்க" என்றாள் அழாத குறையாக.

தணிகாசலம் கோமதியைப் பார்த்தார். அவள் விசிறியை எடுத்து மகளுக்கு வேகவேகமாக வீசத் தொடங்கினாள்.

பின்னாலேயே வந்த எந்திரன் சொன்னது: "அறையில் பதினான்கு பேர். கணக்கு மிகச் சரி. ஆனால் யாருக்காகக் கேட்டீர்களோ அவர்கள் இருவரும் அங்கே இல்லை. ஒதுக்கீட்டை யார் பெயரில் பதிவது?"

"பெரியம்மா பேர்ல எழுது" என்றார் தணிகாசலம்.