பச்சை அட்டை

ஒன்றாம் வகுப்பு அன்றைக்கு வாயே திறக்கவில்லை. டீச்சருக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

மற்ற நாளில் இந்த இருபத்தெட்டு வாண்டுகளையும் ஒரு நிமிஷம் அடக்கி உட்கார வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிடும். அதிலும் வாயாடி என்று அவளே செல்லமாகப் பேர் வைத்திருந்த பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவள் ஒருத்தி போதும், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். இப்போதோ கரும்பலகைக்குக் கீழே சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு, மூச்சு விடுகிற சத்தம்கூட வெளியே வராமல், அத்தனையும் அப்படியே உட்கார்ந்திருந்தன. பயத்தில் அடங்கிவிட்டதுகள், பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

பயப்படாமல் என்ன செய்யும்? ஒலிபெருக்கியில் "கதவைப் பூட்டுங்க" என்று மூன்று தடவை வந்தது. வெளியாள் யாராவது பள்ளிக்குள் புகுந்துவிட்டால் செய்ய வேண்டியது அது. வெறும் ஒத்திகை என்றால் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். இன்றைக்குச் சொல்லவில்லை. தலைமையாசிரியையின் குரல் வேறு நடுங்கியது. டீச்சர் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கெட்டித்துணித் திரைகளை இழுத்துவிட்டதும் பட்டப்பகலில் அறை கும்மிருட்டாகிப்போனது. சாக்பீஸ் தூளும் சாப்பாட்டுப் பைகளும் வேர்த்துப்போன சின்ன உடம்புகளும் கலந்த வாடை, மேலே நின்றுபோன மின்விசிறி ஆடி ஆடிக் கொடுத்த கிறீச் சத்தம், எங்கேயோ தூரத்தில் ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்ட ஓசை, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

இருட்டில் தலையைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ண வேண்டும். அது விதி. எல்லாரும் இருந்தால் கதவிடுக்கு வழியாகப் பச்சை அட்டையை வெளியே தள்ள வேண்டும். ஒரு பிள்ளை குறைந்தாலும் சிவப்பு. சிவப்பு வந்த வகுப்புக்காகத்தான் வெளியே தேடுவார்கள். பச்சை வந்துவிட்டால் அந்த வகுப்பை எல்லாரும் மறந்துவிடலாம்.

தவழ்ந்துபோய் எண்ணினாள். ரிப்பன், எண்ணெய் வழிகிற சடை, மொட்டை, சுருட்டை முடி. கடைசியாக அலமாரியை ஒட்டி இருபத்தெட்டாவது தலை. அந்த முடி மட்டும் சில்லென்று நனைந்திருந்தது. குழாயடியில் விளையாடிவிட்டு வந்திருக்கிறது கழுதை, என்று பச்சை அட்டையைத் தள்ளினாள். விளையாட்டு மாஸ்டரின் பூட்ஸ் சத்தம் வந்தது, நின்றது, அட்டையை எடுத்துக்கொண்டு போனது.

அதற்கப்புறம்தான் கதவு தட்டப்பட்டது. மெதுவாக. கதவின் அடிப்பக்கத்தில்.

"மிஸ்... நான்தான் மிஸ். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டேன்."

வாயாடி.

ஐயையோ! அறிவிப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பியிருந்தாள். திரும்பி வந்தாளா? பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே. இருபத்தெட்டும் இருக்கிறதே!

எந்தக் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாது, தலைமையாசிரியைதான் சாவி போட்டுத் திறப்பார். போன ஒத்திகையில் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திக் கூப்பிட வைத்தார்கள். மனசு கேட்காமல் திறந்தவள் இதே டீச்சர்தான். பிள்ளைக்குப் பின்னால், உள்ளே புகுந்த ஆளாக நடித்த பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார். "இருபத்தெட்டு உயிரும் போச்சு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அன்றைக்குக் கூசிப்போன உடம்பு இன்னும் நேராகவில்லை.

"மிஸ், திறங்க மிஸ். பயமா இருக்கு."

டீச்சர் இருட்டுக்குள் திரும்பினாள். "வாயாடி, நீ உள்ளதானே இருக்கே?"

அலமாரிப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "இருக்கேன் மிஸ்."

அதே குரல். அதே இழுவை.

கதவுக்கு வெளியே அழுகை.

"மிஸ்... உள்ள யாரு மிஸ், என்னை மாதிரியே பேசறது?"

டீச்சரின் கை பூட்டு வரைக்கும் போனது. எது நிஜம்? யாருக்குத் திறப்பது, யாரை நம்புவது? பின்னால் இருபத்தேழு பிள்ளைகள். தப்பாகத் திறந்தால்?

கை இறங்கிவிட்டது.

வெளியே சின்னக் கால்கள் ஓடின. ஒரு காலடி பொத்தென்று. ஒரு காலடி மெத்தென்று. பின்னாலேயே வேறு எதுவோ, அவசரமே இல்லாமல். அப்புறம் இரண்டு சத்தமும் இல்லை.

சாவி திரும்பியபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்ததென்று அவளுக்குத் தெரியாது. விளக்கு வந்தது. இருபத்தேழு பிள்ளைகளும் ஜன்னல் பக்கமாக நகர்ந்துபோய் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியை ஒட்டி வாயாடி மட்டும் தனியாக. இத்தனை நேரமும் இவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னதோடு சரி. பத்து எண்ணுவதற்குள் பத்துக் கேள்வி கேட்கிற பிள்ளை!

தாழ்வாரத்தில் ஒற்றை ஷூ கிடந்தது. டீச்சர் குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்த பிள்ளையின் காலில் இரண்டு ஷூவும் இருந்தன.

கழிப்பறைக்கு ஓடினாள். படிக்கட்டுக்கு ஓடினாள். ஒன்றுமில்லை. விளையாட்டு மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வகுப்புல ஒரு பிள்ளையைக் காணோம் சார். தேடச் சொல்லுங்க சார்."

"பச்சை அட்டை குடுத்தது நீங்கதானே?" அவர் வாசல் வழியாக எட்டி எண்ணினார். "இருபத்தெட்டும் இருக்கு. பயத்துல குழம்பிட்டீங்க டீச்சர். போய்த் தண்ணி குடிங்க."

அதற்குள் பெற்றவர்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். வாயாடியின் அம்மா எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். "அடி என் தங்கமே!" என்று அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டது. டீச்சர் வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது?

"பயந்துட்டியாடி? அம்மா வந்துட்டேன்ல. ஏன்டி இப்படி நனைஞ்சிருக்கே..." அம்மா உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். முகர்ந்தாள்.

இன்னொரு தடவை முகர்ந்தாள்.

மெதுவாகத் தலையைத் தூக்கினாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. இடுப்பில் இருப்பதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல உதட்டை மட்டும் அசைத்தாள்.

"மிஸ். என் பொண்ணு எங்க?"

பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டுவிட்டாள். அகலமாக விரித்துக்கொண்டாள்.

அது கீழே இறங்கவில்லை. கழுத்தில் தானாகவே தொங்கிக்கொண்டு, கன்னத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டது.