கருவேலங்கரைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வேலைகள்

திங்கட்கிழமை, கருவேலங்கரையின் பெயர் திரையில் வந்ததும் கூடமே கைதட்டியது. ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து மனைவிக்குப் போன் போட்டார். "நம்ம ஊருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் விழுந்துருக்குடி" என்று அவர் கத்தியது கடைசி வரிசை வரை கேட்டது. பின்னால் யாரோ மைசூர்பாகுப் பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் நீட்ட ஆரம்பித்தார்கள்.

ஏழாம் மேசையில் உட்கார்ந்திருந்த தில்லைநாயகி கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவேலங்கரை, ஆண்டு 2071. உப்புநிலச் சீரமைப்பு 640. இடிபாட்டுக் கழிவு மேலாண்மை 497. நிலத்தடி நீர் மீட்பு 405. கடல்மண் ஆய்வு 312. உடல் அடையாள அறிவியல் 46. எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், தடுப்பு மண்ணியல் 0.

மாவட்டத் துறைத்தேர்வு மையத்தில் அவள் ஆலோசகர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். புவி அறிவியலிலும் சூழல் அறிவியலிலும் எந்தப் படிப்பு, எங்கே, ஒன்பது வருடம் கழித்து என்ன வேலை என்று அவள் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் படிப்புகளுக்கு ஆள் பிடிக்கக் கல்லூரிகள் வாசலில் நின்று கெஞ்சின. இப்போது மருத்துவத்தைக் கூட விட்டுவிட்டு வருகிறார்கள். பணிக்கணி வந்த பிறகு நடந்த மாற்றம் இது.

பணிக்கணி ஒன்றும் மந்திரமல்ல. கடற்கரையிலும் மலையிலும் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலச்செவி என்ற கருவிகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மண் எவ்வளவு நகர்கிறது, தண்ணீர் எவ்வளவு உப்பாகிறது, கடல் எவ்வளவு சூடாகிறது என்று அவை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும். அதை வைத்து ஒன்பது வருடம் கழித்து எந்த ஊரில் என்ன நடக்கும் என்று பணிக்கணி கணக்கிடும். என்ன நடக்கும் என்பதை வெளியிடத் தடை. வெளியிட்டால் மனை விலை விழுந்துவிடுமாம், அதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது நடந்த பிறகு எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை வெளியிடலாம். அது நல்ல செய்தி.

தில்லை ஒரு துண்டுத்தாளில் பெருக்கிப் பார்த்தாள். இருபது உடலுக்கு ஓர் அடையாள அறிவியலாளர் என்பது துறையின் விதி. நாற்பத்தாறை இருபதால் பெருக்கினால் தொள்ளாயிரத்து இருபது. ஊரின் மக்கள்தொகை ஆறாயிரம். அவள் பிறந்த ஊர் அது. அவளுடைய அண்ணன் சிங்காரவேல் இன்னும் அங்கேதான் இருக்கிறான். மைசூர்பாகுப் பெட்டி ஏழாம் மேசைக்கும் வந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தள்ளிவிட்டாள், பெட்டி கீழே விழுந்தது.

என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். கடற்கரை மண்ணியலில் அவள் கல்லூரியிலேயே முதல் மாணவி. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்மேடு ஒன்று இருக்கிறது. பத்து வருடமாக லாரி லாரியாக அள்ளுகிறார்கள். மேடு போனால் ஒரே ஒரு பெரிய புயலுக்குக் கடல் உள்ளே வந்துவிடும். மேட்டைக் காக்க ராக்கெட் விட வேண்டியதில்லை. அள்ளுவதை நிறுத்தி, வேர்ப்பிடிப்புள்ள செடிகளை நட்டு, மணலின் போக்கை வருடக்கணக்கில் கவனிக்க அறுபது பேர் போதும். அந்த வேலையைச் செய்யத்தான் அவள் படித்தாள். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு பதவிக்கு விளம்பரம் கூட வரவில்லை.

நேரே இயக்குநர் ஞானப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள்.

"சார், தடுப்பு மண்ணியல் ஏன் எல்லா ஊருக்கும் பூஜ்யமாவே வருது?"

"கணி அப்படித்தான் சொல்லுது மேடம். நூறு வருஷத்து நியமன உத்தரவையெல்லாம் அதுக்குப் படிக்கக் குடுத்தோம். வெள்ளம் வந்தப்புறம் ஆள் எடுத்துருக்கோம். வர்றதுக்கு முன்னாடி எடுத்த உத்தரவு ஒண்ணு கூட இல்ல. அது நம்மகிட்டருந்துதானே கத்துக்குது."

"நாமளே அறுபது பதவி போட்டா?"

ஞானப்பிரகாசம் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, அவ்வளவுதான். தன் கணினியைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். புதிதாக ஒரு கல்லூரி வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக மாற்று உள்ளீடு என்று ஒரு வசதி அதில் இருந்தது. தில்லை கருவேலங்கரை என்று அடித்து, தடுப்பு மண்ணியலுக்கு நேரே அறுபது என்று போட்டாள்.

பணிக்கணி நாற்பது வினாடி எடுத்துக்கொண்டது. சீரமைப்பு 0. கழிவு 0. நீர் மீட்பு 0. கடல்மண் ஆய்வு 3. உடல் அடையாளம் 0.

அந்தக் கடைசிப் பூஜ்யத்தைப் பார்த்தபோது தில்லைக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீட் நான் தர்றேன்" என்றார் ஞானப்பிரகாசம். "அறுபது பேர் சேர்ந்தா வேலையும் உறுதி, மணல் குத்தகையும் தன்னால ரத்தாகும். அதுக்கு விதி இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சேரணும். இல்லன்னா சீட் காலாவதியாயிடும். ஆள் பிடிக்கிறது உங்க பொறுப்பு."

ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் அறுபது பேர். இதைவிடச் சுலபமான வேலை தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று தில்லை நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் முந்நூறு பேர் கூடினார்கள். அவள் இரண்டு தாள்களையும் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள். ஒன்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரம், மற்றதில் அறுபத்து மூன்று. நாற்பத்தாறை இருபதால் பெருக்கிக் காட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அதனாலேயே அவளுக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் எழுந்தவர் இறால் பண்ணை வைத்திருக்கும் கலியமூர்த்தி. "இந்த ரெண்டாவது தாளு இன்னும் அமலுக்கு வரலைல்ல?"

"இல்லைங்க. நீங்க பிள்ளைங்களைச் சேர்த்தாதான் வரும்."

"அப்பாடா" என்றார் கலியமூர்த்தி. "இல்ல தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. நம்ம ஊருக்கு இதுவரைக்கும் ஒரு பாலிடெக்னிக்கு கூட வந்ததில்ல. இப்பதான் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வேலை வந்துருக்கு. அதை அழிச்சுட்டு அறுபது தர்றேங்குற. நீயும் இந்த ஊர்ப் பொண்ணுதானே?"

"வேலை வரல அண்ணே. கடல் வருது."

"கடல் எல்லா ஊருக்கும்தான் வருது. வேலை நமக்கு மட்டுந்தானே வந்துருக்கு."

கூடம் தலையாட்டியது. வேம்பு என்ற பெண் கையை உயர்த்தினாள். இரண்டு பிள்ளைகளின் அம்மா அவள். அவளுடைய கேள்வியில் வம்பு இல்லை, கவலைதான் இருந்தது. "ஏங்க்கா, இந்தப் படிப்பு படிச்சு வேலையை ஒழுங்காச் செஞ்சா ஊருக்கு ஒண்ணும் ஆகாது. சரி. ஒண்ணுமே ஆகலைன்னா சும்மா சம்பளம் வாங்குறான்னுல்ல சொல்லுவாங்க? பொண்ணு பாக்கப் போற இடத்துல மாப்பிள்ளை என்ன செய்யுறாருன்னு கேட்டா, நடக்காத வெள்ளத்தைக் காட்டவா முடியும்?"

அந்தக் கேள்வி தில்லையை இன்னும் கொதிக்க வைத்தது. "செத்துப் போறவங்கள்ல உங்க பிள்ளைங்களும் இருப்பாங்க, அது புரியுதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டாள். அபசகுனமாகப் பேசுகிறாள் என்று பெண்கள் எழுந்து போனார்கள். ஆண்கள் மரியாதைக்கு ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார்கள். சிங்காரவேல் மட்டும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு, "சாப்புட வா" என்றான். அவள் போகவில்லை, கடைசிப் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் யாரும் இல்லை. நாலு மணிக்கு அண்ணன் மட்டும் வந்தான், கையில் மகள் நித்திலாவின் ஒதுக்கீட்டுக் கடிதம். அவள் மாவட்டத்திலேயே இரண்டாம் இடம். உடல் அடையாள அறிவியல் கிடைத்திருந்தது. இருப்பதிலேயே அதிகச் சம்பளம் அதற்குத்தான்.

"புள்ள ஊரோடயே இருப்பா" என்றான் சிங்காரவேல். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டுதான் சொன்னான். தங்கை கோபத்தில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். "உள்ளூர்க்காரங்களுக்கு முன்னுரிமையாம். நமக்காகவே போட்ட மாதிரி இருக்கு."

"அது ஏன்னு அதுலயே போட்டுருக்கு. படி அண்ணே."

"எல்லாம் படிச்சாச்சு."

"எனக்காக இன்னொரு தடவை. சத்தமா."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தான். "இப்பணிக்கு அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் முன்னுரிமை பெறுவர். இறந்தோரின் முகங்களை அவர்கள் எளிதில்..."

அதற்கு மேல் படிக்கவில்லை. கடிதத்தை மடித்தான், மறுபடி பிரித்தான். தில்லைக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் இந்த வாரத்தில் முதல்முறையாக ஒரு மனிதருக்கு விஷயம் உறைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு வேகமும் எழுந்தது. தடுப்பு மண்ணியல் விண்ணப்பத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு அண்ணே. நித்திலாவை இதுல போடு. நீ போட்டா வேம்பு போடுவா, அவளைப் பாத்து நாலு பேர் போடுவாங்க. நான் போன் பண்றேன்."

சிங்காரவேல் அந்த விண்ணப்பத்தைப் புரட்டினான்.

"தில்லை, இந்த ஊர் மாத்துற வசதி ஒண்ணு இருக்காமே? படிப்பு அதே படிப்பு, வேலை மட்டும் வேற ஊர்ல?"

"அங்கயும் பொணம்தான் அண்ணே."

"இருக்கட்டும். அது நம்ம ஆளுங்க இல்லையே." அவன் விண்ணப்பத்தை அவள் பக்கமே தள்ளினான். "நாங்க இருந்துக்குறோம். நானும் அவ அம்மாவும் எங்க போறது. அவ வந்து எங்களைத் தேடிக்கிட்டு நிக்க வேணாம். அது மட்டும் போதும்."

தில்லை அவனைத் திட்ட வாயெடுத்தாள். ஆனால் கணினியில் ஊர்ப் பரிமாற்றப் பக்கத்தைத் திறந்தாள். வழக்கமாக நான்காம் மேசைக்காரர்கள் பார்க்கும் பக்கம் அது, அவள் இதுவரை திறந்ததில்லை. நித்திலாவின் எண்ணை அடித்ததுமே ஜோடி கிடைத்துவிட்டது. மேல்கோம்பை என்ற மலையூரில் ஒரு பெண், அதே படிப்பு. அந்த ஊரில் மண்சரிவு போலிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் அவளுடைய தகப்பன் எழுதியிருந்தார்: "சொந்த ஊர்க்காரர்களை என் மகள் அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம்."

அதற்குக் கீழேயும் பெயர்கள் இருந்தன. தில்லை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கலியமூர்த்தி தன் மகனுக்காகப் போட்டிருந்தார். வேம்பு இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டிருந்தாள், செவ்வாய்க்கிழமையே, கூட்டத்துக்கு முந்தின நாளே. மாநிலம் முழுக்க எட்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள். காரணக் கட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த தமிழில் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்.

"ஆயிடுச்சா?" என்று கேட்டான் சிங்காரவேல்.

"ஆயிடுச்சு" என்றாள்.

மணி நாலே முக்கால். தடுப்பு மண்ணியலின் அறுபது இடங்களும் காலியாகவே இருந்தன. இத்தனை நாளும் இவர்களுக்குப் புரியவில்லையே என்றுதான் அவளுக்குக் கோபம். எல்லோருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது.