காணாமல் போன 'கண்டேன்' முதலாளி

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அருணாதேவி எடுத்தாள்.

"மேடம்... எங்க எம்.டி. விமல்ராஜைக் கடத்திட்டாங்க!"

பெண் குரல். அழுகையில் உடைந்தது.

"நீங்க யாரும்மா?"

"கவிநிலா. 'கண்டேன்' ஆப்புக்கு ப்ரோகிராம் எழுதறவ. சாயங்காலம் அறிமுக விழா... இப்ப மெசேஜ் வருது மேடம். 'விமல்ராஜ் எங்க கையில. விழாவ நிறுத்து. இல்லன்னா பொணம்தான் வரும்'னு!"

அருணாதேவி ஜீப் சாவியைத் தேடினாள்.

'கண்டேன்' தெரியாதவர் திருவண்ணாமலையில் யார்? பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வரை போஸ்டர். ஆட்டோ முதுகிலெல்லாம் விமல்ராஜின் பல்வரிசை! பௌர்ணமிக் கூட்டத்தில் யார் தொலைந்தாலும் சரி... போட்டோவைப் போட்டால் பத்தே நொடியில் இருக்குமிடம் தெரியுமாம்.

ஊரைத் தேடித் தருகிறவனே தொலைந்து போனான். அதுவும் பௌர்ணமியன்று!

செங்கம் சாலை. கிரிவலம் போகிறவர்கள் நடக்கிற பாதை. ஒரு கஃபே மாடியில் கம்பெனி. வாசலில் மேடை, ராட்சஸத் திரை, செண்டை மேளம். வெயில் இறங்குவதற்குள் கூட்டம் நெரிந்தது.

கவிநிலா கண்கள் சிவக்க ஓடி வந்தாள்.

"எப்பலேர்ந்து காணோம்?"

"காலைல டிபன் சாப்ட்டு கீழ இறங்கினாரு. அவ்ளோதான். போன்கூட டேபிள்லயே இருக்கு..."

"அழாதம்மா. உங்க ஆப் எதுக்கு இருக்கு? அவர் போட்டோவைப் போடு."

கவிநிலா தரையைப் பார்த்தாள்.

"அது... வேலை செய்யாது மேடம்."

"ஏன், நெட் கம்மியா?"

"ஆப்பே கம்மி மேடம்!"

போட்டுக் காட்டினாள். திரையில் விமல்ராஜின் முகம். வட்டம் சுற்றியது... சுற்றியது... 'கண்டேன்! மேடை அருகில்!'

அருணாதேவி தன் படத்தைப் போட்டாள். 'மேடை அருகில்!'

"என்னைச் சரியாத்தானே காட்டுது?"

ஏட்டு சடையன் ஆர்வம் தாங்காமல், போளூரில் இருக்கும் தன் மாமியார் படத்தைப் போட்டார்.

'மேடை அருகில்!'

சடையன் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

"யார் படத்தைப் போட்டாலும் அதேதான் வரும் மேடம்," கவிநிலா விசும்பினாள். "விழாவுல காட்டறதுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் எழுதி வெச்சேன். இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்னேன். 'வெளிய பளபளன்னு இருக்கட்டும், உள்ளாற அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லி போஸ்டர் அடிச்சிட்டாரு!"

"இப்ப என்ன பண்ணப் போற?"

"விழாவை நிறுத்திடறேன். பேர் கெட்டா கெடட்டும். அவரு உசுரோட வந்தா போதும் மேடம். அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம்!"

பார்க்கவே பாவமாக இருந்தது.

அருணாதேவி படியிறங்கினாள். வாசல் கேட்டுக்கு வெளியே, சாலையோரமாக ஒரு ஜோடி ஷூ.

"இது யாரோடது?"

"ஐயோ... அவரோடது!"

ஷூவுக்குள் சாக்ஸ். அழகாகச் சுருட்டி!

"கடத்த வந்தவன், சாக்ஸ் சுருட்டற வரைக்கும் காத்துட்டு நின்னானா?"

"மேடம்...?"

"உங்க விமலுக்கு எந்த ஊரு?"

"அடி அண்ணாமலை. பொறந்து வளர்ந்ததே கிரிவலப் பாதைலதான்."

அருணாதேவி சிரித்துவிட்டாள்.

"சடையன், இங்கயே ஒரு சேர் போடுங்க. அப்படியே ரெண்டு டீ."

"தேட வேணாமா மேடம்?"

"எதுக்கு? அவரே வருவாரு."

கவிநிலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. டீ ஆறியது. கூட்டம் கத்தியது. பொறுக்க முடியாமல் மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"ஆப் இன்னும் ரெடியாகல! விழா கிடையாது! எல்லாரும் கிளம்புங்க!"

விசில் பறந்தது!

"என்னா தன்னடக்கம் பாரு!" என்றான் ஒருவன்.

அப்போதுதான்...

டவுன் பக்கமிருந்து வந்த கிரிவலக் கூட்டத்தில், வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு நொண்டி நொண்டி ஓர் ஆள்.

விமல்ராஜ்!

விழாவுக்காக ஓடவிட்டிருந்த ராட்சஸத் திரையில் அதே முகம். கீழே, 'மேடை அருகில்!'

"கண்டேன்! கண்டேன்!" கூட்டம் ஆர்ப்பரித்தது.

விமல்ராஜ் நழுவப் பார்த்தான். அருணாதேவியின் கை அவன் காலரில் இருந்தது! பாக்கெட்டில் புது போன். அதில் அந்த மெசேஜ்.

"மிரட்டலும் நீங்களே, கடத்தலும் நீங்களே. தப்பிச்சுப் போனவரு ஏன் சார் திரும்பி வந்தீங்க?"

"மானம் போகாம விழா நின்னாப் போதும்னு... அடி அண்ணாமலைல ஃப்ரெண்டு பைக்கோட நின்னான் மேடம். ஆனா பௌர்ணமிங்க! நடக்க ஆரம்பிச்சுட்டு பாதி கிரிவலத்துல எப்படி வண்டி ஏறுறது? ஆரம்பிச்ச எடத்துலதானே முடிக்கணும்?"

கவிநிலா அவன் எதிரே வந்து நின்றாள்.

"பொணம் வரும்னு அனுப்பினது நீயா? காலைலேர்ந்து நான் செத்துப் பொழைச்சேன் விமல்!"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். பல்வரிசை பளிச்சிட்டது.

"அத விடு கவி! கைத்தட்டல் கேக்குதா? ஆப் சூப்பர் ஹிட்!"

கவிநிலா திரையை அணைத்தாள்.

சடையன் அவனை ஜீப்பில் ஏற்றினார். அருணாதேவி தயங்கி நின்றாள்.

"அடுத்த மாசம் கல்யாணம்னியேம்மா... என்ன பண்ணப் போற?"

கவிநிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பத்திரிகை அடிச்சாச்சு மேடம்... மாப்பிள்ளைதான் இன்னும் ரெடியாகல!"