அளவு வைக்காத இடம்

நேற்று மாலை கிளம்பும்போது அந்தப் பழைய சர்வரில் நூற்றுக்குப் பதினோரு பங்கு இடம் காலியாக இருந்தது. இன்று விடுமுறை, யாரும் எதையும் ஏற்றவில்லை. ஆனாலும் மதியம் அவள் வந்து பார்த்தபோது இரண்டு பங்குதான் மீதி.

ஏதோ பெரிய அலுவலகம் உழைக்க வைத்துக் கழித்துவிட்ட இயந்திரம் அது. எட்டு டிஸ்க் செருகலாம், எட்டும் செருகியாயிற்று. மெமரியும் அதன் உச்சத்தில் நின்றது. அதற்குள் நாற்பது வெப்சைட்டுகளைக் குடிவைத்திருந்தார் முதலாளி. அத்தனை பேருக்கும் தருவதாகச் சொன்ன இடத்தைக் கூட்டினால் இதைப்போல் மூன்று வேண்டும். நாற்பது பேரும் ஒரே நாளில் முழு இடத்தையும் கேட்க மாட்டார்கள் என்ற அசட்டுத் தைரியத்தில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. அவளும் பன்னிரண்டு வருடமாக இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராவது சைட் ஒன்று இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது அவள் மகள் சிட்டுவுக்கானது. இரண்டு வருடத்துக்கு முன், ஏழு வயதில், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. வீட்டில் படம் மாட்டினால் கணவன் எழுந்து வெளியே போய்விடுகிறான் என்று, இருந்த முப்பது படங்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தாள். எல்லோருக்கும் இவ்வளவுதான் இடம் என்று உச்சவரம்பு போடும் அவள், அங்கே மட்டும் ‘அளவில்லை’ என்று போட்டாள். பெற்றவளுக்குக் கை வரவில்லை.

இப்போது இடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது அந்த சைட்தான்.

சூடான தூசி வாசனையும் மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலும் நிறைந்த அந்தக் குறுகிய அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவள் அதைத் திறந்தாள். முப்பது படங்கள் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவள் வைத்த முப்பதைத் தவிர எல்லாம் இன்றைய தேதி. புதியவற்றில், கதவு இல்லாத ஒரு வெள்ளை அறையில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக எடுத்த படத்தில் விழுந்திருந்த முன்பல், இதில் முளைத்திருந்தது. அடுத்ததில் தலைமுடி தோளைத் தாண்டியிருந்தது. பிள்ளை வளர வளர அறையும் கூடவே பெரிதாகிக்கொண்டு போனது.

அவளுக்குப் பயப்படத் தோன்றவில்லை. திரையைத் தடவித் தடவி அழுதாள். "வளர்ந்துட்டியாடி தங்கம்?"

போன் அடித்தது. நாற்பதில் ஒன்றான ரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்து வரவேற்பாளர். "மேடம், ரிசல்ட் பாக்குற பக்கம் திறக்கவே இல்லை. டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

முதலாளியைக் கூப்பிட்டாள். "இதுக்கு மேல அந்தப் பெட்டியில எதையும் ஏத்த முடியாதும்மா, புதுசு வாங்கவும் இப்போ வழியில்ல. வேண்டாததுன்னு ஒண்ணாவது இருக்கும்ல? அதைக் கட்டுப்படுத்து" என்று வைத்துவிட்டார்.

யாரோ ஒருவரின் உயிர் அந்த ரிசல்ட்டில் இருக்கலாம். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சிட்டுவின் இடத்துக்கு உச்சவரம்பு போட்டாள். ஆய்வுக்கூடத்தின் பக்கம் திறந்தது.

பிறகு படத்தைப் பார்த்தாள்.

அறை வளர்வது நின்றிருந்தது. சிட்டு வளர்வது நிற்கவில்லை. தலை கூரையைத் தொட்டது. அடுத்ததில் கழுத்து வளைந்தது. அதற்கடுத்ததில் முழங்கால்கள் மார்போடு மடங்கியிருந்தன. சிரிப்பு இல்லை. காய்ச்சலின் கடைசி நாளில் ‘அம்மா, மூச்சு முட்டுது’ என்று பார்த்தாளே, அதே பார்வை.

"ஐயோ... அம்மா எடுத்துடறேன். எடுத்துடறேன்டா."

வரம்பை நீக்கினாள். இருந்த கொஞ்ச இடமும் நொடியில் தீர்ந்தது. ஆய்வுக்கூடத்தை அழித்தாள். அறை ஒரு சாண் விரிந்து மறுபடி நிறைந்தது. ஒரு பள்ளியை அழித்தாள். துணிக்கடையை. நூலகத்தை. போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை. மீதி முப்பது. பதினைந்து. நான்கு. அழித்தாள்.

நாற்பதும் போயிற்று.

எட்டு டிஸ்க்குகளும் டக் டக்கென்று இடித்துக்கொண்டன. இடம் பூஜ்ஜியம். செருக இன்னொரு துளை இல்லை.

புதிய படம் வரவில்லை. பழைய முப்பது படங்களும் மாறத் தொடங்கின. பிறந்தநாள் படம் போனது. ஊஞ்சல் படம் போனது. மழையில் நனைந்த படம். முதன்முதலாக நின்ற படம். முப்பதிலும் இப்போது ஒரே முகம். நாலு ஓரத்திலும் கன்னம் பிதுங்கி அப்பியிருந்தது. உதடு பிரிய இடமில்லை. சதைக்கு நடுவே ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

அது மெல்ல உருண்டு, அம்மாவைத் தேடியது.