செம்பில் பூத்த பச்சை

போன ஞாயிற்றுக்கிழமைதான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிவைத்த செம்பு முனையில் மறுபடியும் பச்சை பூத்திருந்தது. தம்பி முழங்காலிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, அக்காவின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பதித்திருந்த பிளக் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கனெக்டரின் மேல் பூசிவைத்த கிரீஸைக் காணோம். உருகி இறங்கியிருந்தால் பெட்டியின் அடியிலாவது தேங்கியிருக்க வேண்டும். அடி காய்ந்து கிடந்தது. யாரோ விரல் விட்டு வழித்து எடுத்ததுபோல இருந்தது.

அவன் அக்காவுக்குத் தம்பி. அதனால் அக்கா வீட்டுக்காரருக்கும் தம்பி, தெருவுக்கும் தம்பி, வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் தம்பி. அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனதும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கே வந்துவிட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. அதில் செருகிய பாட்டிலில் தண்ணீர் களகளவென்று கொப்புளிக்கும். அங்கிருந்து கிளம்பும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அக்காவின் காதுகளைச் சுற்றி வந்து மூக்கில் முடியும். அந்தக் களகள சத்தம் கேட்கிறவரை நிம்மதி.

ஒரு சாயங்காலம் அது கேட்காமல் போனது. மெஷின் கீகீயென்று கத்தியது. அக்கா கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த சிலிண்டரை அத்தான் உருட்டிக்கொண்டு வந்து மாட்டியதால் பிழைத்தாள். மறுநாள் வந்த ஒயர்மேன் பெட்டியைக் கழற்றி, கருகிய வாடையை முகர்ந்துவிட்டுச் சொன்னார்:

"களிம்பு ஏறிருக்கு தம்பி. கடல் காத்து, ஈரச் சுவரு, செம்புக்கு வேற என்ன வேணும்? மெயினை ஆஃப் பண்ணிட்டுச் சுத்தமாத் தேய்ங்க. ஈரம் போகத் துடைங்க. முதல்ல ஸ்க்ரூவை நல்லா இறுக்கிட்டு, அப்புறம் மேலாப்ல இந்த சிலிக்கான் கிரீஸைப் பூசுங்க. ஒண்ணு சொல்றேன், வெறுங்கையால செம்பைத் தொடாதீங்க. வேர்வையில இருக்கிற உப்பே அரிச்சிடும்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிக்கு இதுதான் வேலை. அக்காவைச் சிலிண்டருக்கு மாற்றுவான். மெயினை அணைப்பான். ரப்பர் கையுறை போட்டுத்தான் பெட்டியைத் திறப்பான். ஆக்சிஜன் பக்கத்தில் எந்தப் பசையும் ஆகாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் குழாயைத் தொடுவான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் பச்சை வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒன்று தோன்றியது. கடையில் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கனெக்டரின் பக்கத்தில் குனிந்தான். நாளெல்லாம் பிறத்தியார் கண்ணாடிகளில் படிந்த கைரேகையைத் துடைக்கிறவன் அவன். பச்சையில் சுழிசுழியாகக் கோடுகள் தெரிந்தபோது அது என்னவென்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விரல்தடம். வெறும் விரல்.

அவன் கடைக்குப் போனபிறகு இந்த வீட்டில் அக்காவைத் தவிர அத்தான் ஒருவர்தான்.

"என்னடா, ரொம்ப நேரமா உள்ளயே பார்க்கிற?" என்று கட்டிலிலிருந்து அக்கா கேட்டாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு போதாது அவளுக்கு.

"ஒண்ணும் இல்லக்கா. தூசி."

அதற்குப்பின் தம்பியின் கண்ணுக்கு அத்தான் செய்வதெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவர் அக்காவின் தலையணையைச் சரிசெய்யும்போது பார்வை ஏன் அந்தச் சுவர்ப்பக்கம் போகிறது? டம்ளரைக் கழுவிவிட்டு ஏன் இத்தனை நேரம் கையைத் துடைக்கிறார்? ஒருநாள் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் எல்லாம் முடிஞ்சிடும்." தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். அவர் அவனைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வா வா, டீ போடட்டுமா?" என்றார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது என்று அவனுக்குப் பட்டது.

அவன் அக்காவின் பழைய நகப்பூச்சை எடுத்து, பெட்டி மூடியின் ஸ்க்ரூ ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வைத்தான். ஸ்க்ரூவைத் திருப்பினால் பூச்சு வெடித்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாரம் முழுக்கக் காத்திருந்தான்.

பூச்சு வெடிக்கவில்லை. சிவப்பாக, வைத்தது வைத்தபடி இருந்தது. அவனுக்குப் பாதி உயிர் வந்தது. சுரண்டிவிட்டு மூடியைக் கழற்றினான்.

உள்ளே பச்சை. கிரீஸ் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. விரல்தடங்கள், புதிதாக. ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு அதே பூச்சை மறுபடி வைத்திருப்பார் என்று அவனுக்குப் பட்டது.

அவன் அப்படியே எழுந்து சமையற்கட்டுக்குப் போனான். கத்தக்கூடாது, அக்கா காதில் விழும் என்று நினைத்துக்கொண்டுதான் போனான். குரல் தானாக உயர்ந்தது.

"அத்தான், அக்கா செத்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

அத்தானின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. வெகுநாளாக வாயில் அடக்கிவைத்ததை இப்போது துப்பப்போகிற பார்வை.

"இதை நான் உன்கிட்ட கேட்கணும்னு இருந்தேன்டா. ஒவ்வொரு வாரமும் அந்தப் பெட்டியைக் கழட்டுறது யாரு? நானா, நீயா? நீ கை வைக்க ஆரம்பிச்சப்புறம்தான் அது இன்னும் மோசமாப் போகுது. மெயினை அணைக்காம அதுக்குள்ள நான் விரலை விட்டா, உனக்கு அத்தான் இல்ல, கரிக்கட்டைதான் மிஞ்சும். மெயினை அணைச்சா மெஷின் கத்தும். உங்க அக்காவுக்குத் தெரியாமப் போயிடுமா?"

"போன்ல யார்கிட்ட பேசினீங்க? முடிஞ்சிடும்னு?"

"கூட வேலை பார்க்கிறவர்கிட்ட. பகல் ஷிப்ட் கேட்டு நாயா அலையுறேன்; நைட் ஷிப்ட் இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் எல்லாம் முடிஞ்சிடும்னு சொன்னேன்." அவர் கரண்டியை மேடையில் வைத்தார். "அவளை நான் கொல்வேனாடா?"

தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. அத்தானுக்கும் போகவில்லை என்பது அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்ததில் தெரிந்தது. இருவரும் அருகருகே முழங்காலிட்டார்கள். தம்பி பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தான்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, பெட்டியின் வாயருகே கொண்டுபோய், தடங்களோடு ஒப்பிட்டார். கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தம்பி. இது நாலும் ஒரே நீளமா இருக்கே?"

அதைத் தம்பி இதுவரை கவனித்திருக்கவில்லை. நான்கு விரல்கள், சீப்பின் பற்களைப்போல ஒரே நீளத்தில். ஒருவர் வெளியிலிருந்து கையை விட்டால் விரல்நுனி சுவர்ப்பக்கம் இருக்கும். இந்த நுனிகள் அறையைப் பார்த்து இருந்தன. இவர்களைப் பார்த்து இருந்தன. ஒயர் வருகிற பைப்பின் வாயில் வழித்த கிரீஸ் ஒட்டியிருந்தது. டார்ச் அடித்தால் உள்ளே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, பைப்பின் உட்சுவரெல்லாம் கிரீஸில் பளபளத்தது. கட்டைவிரல்கூட முழுசாக நுழையாத பைப்.

"எலியா இருக்கும்" என்றார் அத்தான்.

"எலிதான்" என்றான் தம்பி.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே எழுந்தார்கள்.

ஒயர்மேன் வந்தார். இந்த லைனே வேண்டாம், முன்னறைக்குப் புது லைன், அதுவும் சுவருக்குள் வேண்டாம், வெளியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இழுங்கள் என்று அத்தான் சொன்னதைக் கேட்டு, "ஆஸ்பத்திரி மாதிரிப் பண்ணிடலாம்" என்று சிரித்தார். பழைய பெட்டியிலிருந்து ஒயரை வெட்டிவிட்டு, வெளியே உருவிவிட இழுத்தார். கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. காலைச் சுவரில் உந்திக்கொண்டு இழுத்தார்.

"எங்கயோ சிக்கிருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, ஒயர் அவர் கையிலிருந்து நழுவியது. சர்ரென்று, வெளியே வந்தது அவ்வளவும் பைப்புக்குள் போய் மறைந்தது. அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

"கீழ தொங்குற ஒயரோட வெயிட்டு. இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார். பைப் கீழேயிருந்து வரவில்லை, கூரைப்பக்கமிருந்துதான் இறங்கி வருகிறது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். தேவைக்கு மேலேயே அடைத்தார்.

அக்காவையும் மெஷினையும் முன்னறைக்கு மாற்றியதும் எல்லாம் சரியாகிப்போனது. புதுக் கனெக்டர்கள் வாரம் கடந்தும் செக்கச்செவேலென்று இருந்தன. கிரீஸ் பூசியது பூசியபடி. கூடவே நீளமான குழாய் ஒன்று வாங்கி மாட்டியதால், அக்கா மூக்கில் மாட்டியபடியே சமையற்கட்டு வரை நடந்துபோய், "உப்பு ஜாஸ்தி" என்று அத்தானைத் திட்டிவிட்டு வந்தாள். தம்பி அத்தானிடம் மன்னிப்புக் கேட்டான். "போடா, நானும்தான் உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார். பழைய பெட்டி இருந்த பின்னறையின் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். கதவு பழசு, கீழே ஒரு விரற்கடை இடைவெளி உண்டு.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். வெளியே தூறல். விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற வெளிச்சம். அக்கா சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். மெஷின் உறுமியது. பாட்டில் கொப்புளித்தது. தம்பி ஒரு கண்ணாடி ஃபிரேமின் பொடி ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு, நாக்கின் அடியில் செம்புக்காசை வைத்ததுபோல ஒரு துவர்ப்பு எங்கிருந்தோ வந்தது. தூறலுக்கு எழும்பிய வாடை என்று நினைத்துக்கொண்டான்.

நிமிர்ந்தபோது, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்த குழாய் கொஞ்சம் சிறுத்திருந்ததாகத் தோன்றியது.

அக்கா புரண்டிருப்பாள்.

குனிந்து ஸ்க்ரூவைப் பார்த்தான். மறுபடி நிமிர்ந்தான்.

சுருள் இன்னும் சிறுத்திருந்தது.

குழாய் நகர்ந்துகொண்டிருந்தது. தரையில், சத்தமே இல்லாமல். கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம். கிணற்றில் கயிறு இழுக்கிறவர் கை மாற்றி மாற்றி இழுப்பதுபோல. சுருளின் நடுப்பகுதி மடங்கி, கதவின் கீழ் இடைவெளியில் நுழைந்து, பின்னறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா."

கடைசிச் சுற்று அவிழ்ந்தது. குழாய் விறைத்தது. அக்காவின் தலை, தூக்கத்திலேயே, மெதுவாகப் பின்னறைப் பக்கம் திரும்பியது.

தம்பி பாய்ந்து குழாயைப் பிடித்தான். வீணைத் தந்திபோல் அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கம் இழுத்தான். அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தது. கொஞ்சம்தான். பிறகு அவன் இழுத்த அதே அளவுக்குத் திரும்ப இழுத்தது. பொறுமையாக.

"அக்கா, அதைக் கழட்டு! கழட்டிடு!"

அக்கா விழித்தாள். கை தூக்கினாள். கை பாதியில் நின்றது. அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை; அவன் கையைத் தாண்டிக் கதவுப்பக்கம் இருந்தது.

அவனும் பார்த்தான்.

கதவருகே, குழாயின் மேல், ஒரு தடம் விழுந்தது. பச்சை. ஈரமாக, கிரீஸின் பளபளப்போடு. நான்கு விரல்கள், ஒரே நீளம். அதைத் தாண்டி இன்னொன்று. அதையும் தாண்டி. கை மாற்றிக் கை மாற்றி, கயிற்றைப் பிடித்து ஏறுவதுபோல, தடங்கள் வந்தன. அங்கே யாரும் இல்லை. தடங்கள் மட்டும்.

அவன் விரல்களுக்குப் பக்கத்தில் ஒன்று.

ஜில்லென்று ஏதோ அவன் கையின் மேலாக ஏறிக் கடந்தது. அவனால் விரலை விரிக்க முடியவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை.

அவனைத் தாண்டி ஒன்று.

நாற்காலியின் கைப்பிடியருகே.

அக்காவின் தோளருகே.

காதருகே.

பாட்டிலில் தண்ணீர் கொப்புளிப்பது நின்றது. அக்கா அசையாமல், கண் இமைக்காமல், தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில், மெத்தென்ற சதையில், நான்கு குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.