சூனியக்காரிக்கு ஒரு பிஸ்கட்

வாலுவின் அம்மா படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். அவளுக்குக் கட்டைக் குரல் என்பதால் இளவரசி வேடம் ஒருநாளும் கிடைத்ததில்லை. ராட்சசி, கொள்ளைக்காரி, ஒருமுறை ஒரு கோபக்கார வாத்து என்று வந்ததையெல்லாம் பேசுவாள்.

இந்தமுறை கிடைத்தது ஒரு பெரிய கார்ட்டூன் படம். படம் முழுக்கப் பாட்டுதான். அதில் ஒரு சூனியக்காரி ஊர்க் குழந்தைகளின் தூக்கத்தைத் திருடிப் புட்டியில் அடைத்து வைப்பாள். இளவரசி பாட்டுப் பாடியே அதை மீட்பாள். சூனியக்காரிக்குப் பேச்சும் பாட்டும் அம்மாதான்.

படம் வந்ததும் குடும்பமே தியேட்டருக்குப் போனது. வாலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. முன்வரிசையில் இருந்தவரின் தோளைத் தட்டி, "அது எங்கம்மா" என்றாள். அவர் திரையில் நின்ற சூனியக்காரியைப் பார்த்தார், வாலுவைப் பார்த்தார், பிறகு தன் பாப்கார்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் பேசிய படத்தைப் பார்த்தால், அவள் வாயும் சத்தமில்லாமல் கூடவே அசையும். அது அவளுக்கே தெரியாது.

அவள் மடியில் இருந்தவன் வாலுவின் நான்கு வயதுத் தம்பி சுண்டு. திரையில் சூனியக்காரி கையை நீட்டிப் பாடினாள்:

*வந்துவிடு கண்ணே, பக்கத்தில் வந்துவிடு,*
*உன் தூக்கத்தை மட்டும் எனக்குத் தந்துவிடு.*

பயந்துபோன சுண்டு அம்மாவைக் கட்டிக்கொள்ள நிமிர்ந்தான். அம்மாவின் வாய் அதே வார்த்தைகளுக்கு அசைந்துகொண்டிருந்தது.

ஒரே தாவலில் அவன் அப்பா மடிக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. "கண்ணா, பல் தேய்க்க வாடா" என்று அம்மா கூப்பிட்டால் சுண்டு கட்டிலுக்கு அடியில் இருப்பான். "கண்ணா, சாப்பிட வா" என்றால் அலமாரிக்குப் பின்னால். அம்மா வேலைக்கு வெந்நீர் கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கைப் பார்த்தாலே நடுங்கினான்.

"அதுலதான் என் தூக்கத்தை வச்சிருக்கா" என்று வாலுவின் காதில் சொன்னான்.

"லூசு, அது வெந்நீர்டா. தொண்டைக்கு இதமா குடிக்கிறா. அவ நம்ம அம்மாடா."

"சூனியக்காரியும் அப்படித்தான் சொல்வா."

 

இரண்டாம் நாள் சாயங்காலம் சமையலறையில் அம்மா அப்பாவிடம் பேசுவது வாலுவின் காதில் விழுந்தது.

"படத்தோட அடுத்த பாகத்துக்குக் கூப்பிடுறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"உனக்கு அந்த வேஷம் உசிராச்சே" என்றார் அப்பா.

"இருக்கட்டும். பெத்த பிள்ளை என்னைப் பார்த்து ஓடுறான். எனக்கு வேஷமா பெரிசு?"

அம்மாவின் கட்டைக் குரல் கரகரத்தது. வாலுவுக்கு அழுகை வந்தது. அவளுக்கும் அந்தச் சூனியக்காரியை அவ்வளவு பிடிக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் மடிக்கணினியில் அந்தப் பாட்டை வைத்தாள். சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். சுண்டு தலையணையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான்.

திரையில் இளவரசி வாயைத் திறந்தாள். வாலு ஒரு கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு பேசினாள்: "யாருப்பா என் செருப்பை எடுத்தது? காலெல்லாம் சுடுது."

தலையணைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

அடுத்துச் சூனியக்காரி வந்தாள். வாலு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ பாவம், இவளுக்குப் பேச ஆளே இல்லை. எவ்வளவு நேரம் சும்மா வாயை வாயைத் திறப்பா, சொல்லு."

சூனியக்காரி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். கையையும் நீட்டினாள். சுண்டுவுக்கே பரிதாபமாகிவிட்டது. தலையணையை இறக்கினான். கரண்டியை எடுத்துப் பாடினான்:

*வந்துவிடு கண்ணே, பக்கத்தில் வந்துவிடு,*
*உன் பிஸ்கட்டை மட்டும் எனக்குத் தந்துவிடு.*

நீட்டிய கை பிஸ்கட்டுக்கே நீட்டியதுபோல் இருந்தது. இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

"அக்கா, நான் சொல்றதைத்தான் அவ சொல்றா."

"பின்னே? அவளுக்குச் சொந்தமா குரலே கிடையாது."

சுண்டு யோசித்தான். மூக்கைச் சொறிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் யோசித்தான். "அப்போ அம்மாவும் இப்படித்தான் கரண்டியில பேசினாளா?"

"அவளுக்கு நிஜ மைக்கே குடுத்தாங்க."

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. ஃபிளாஸ்க்கும் கையுமாக அம்மா நின்றாள். சுண்டுவைப் பார்த்ததும், அவன் பயப்படக்கூடாதே என்று அப்படியே சுவரோரம் ஒதுங்கினாள்.

சுண்டு உதட்டில் விரல் வைத்தான். "சத்தம் போடாதே. ரெக்கார்டிங் நடக்குது."

அம்மா ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றினாள்.

வாலு திடீரென்று இருமினாள். "எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. இளவரசிக்கு யாராவது வேணுமே."

சுண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு ஆள் இல்லை. "அம்மா, நீ வா. நீ இளவரசி, நான்தான் சூனியக்காரி."

"நானா? என்னை இதுவரைக்கும் யாருமே இளவரசிக்குக் கூப்பிட்டதில்லடா" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கிவிட்டது. மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டியை வாங்கிப் பாடினாள். இளவரசியின் வாயிலிருந்து ராட்சசிக் குரல் கிளம்பியது.

"இப்படியா பாடுவாங்க? என்னைப் பார்த்து நீ பயப்படணும்" என்று சுண்டு அதட்டினான். "இன்னொரு டேக்."

அம்மா பயந்து பாடினாள். போதவில்லை. நடுங்கிப் பாடினாள். அதுவும் பிடிக்கவில்லை. "உன்கூட ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சூனியக்காரி ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். பிறகு இளவரசியின் மடியில் ஏறி வசதியாகச் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் சுண்டுவின் கண்கள் சொருகின.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அடுத்த பாகத்துக்காரர்கள்தான். அம்மா வாலுவைப் பார்த்தாள். வாலு 'சரின்னு சொல்லு' என்று தலையை வேகமாக ஆட்டினாள்.

"வந்துடுறேன் சார்" என்று அம்மா மெல்லிய குரலில் சொன்னாள்.

மடியிலிருந்து, கண்ணைத் திறக்காமலே ஒரு குரல் வந்தது: "இன்னொரு டேக். சூனியக்காரி மாதிரி சொல்லு."